தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன், எந்த மவுத் கார்டு போடலாம்?

"எனக்கு 36 வயது. தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக என் கணவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கிறது, தாடை இறுகிப்போய் வாயைத் திறக்கவே சிரமமாக இருக்கிறது. போன மாதம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் இருந்த ஃபில்லிங் உடைந்துவிட்டது. இணையத்தில் தேடி, வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் செய்துகொள்ளும் பற்களுக்கு உறை போல மாட்டும் மென்மையான மவுத் கார்டு ஒன்றை வாங்கினேன். மூன்றே வாரத்தில் இரண்டு இடத்தில் துளை விழுந்துவிட்டது. வலியும் குறையவில்லை, கூடியிருக்கிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. பல் மருத்துவர் கெட்டியான கார்டு செய்துகொள்ளச் சொல்கிறார். எது நல்லது, மென்மையானதா கெட்டியானதா? மேல் பல்லுக்கா, கீழ்ப் பல்லுக்கா? வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியிருக்குமா? (எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். குறட்டையும் விடுகிறேனாம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.)"

வணக்கம் சகோதரி.

கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவிட்டீர்களே, அந்தக் குறட்டையிலிருந்துதான் நான் ஆரம்பிக்கப் போகிறேன். மென்மையா, கெட்டியா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். குறட்டை ஒரே சீராகப் போகிறதா, இல்லை நடுவில் சட்டென்று நின்று, ஒரு 10 நொடி, 20 நொடி மூச்சே இல்லாத மாதிரி இருந்து, பிறகு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கிறதா? அப்படி நிற்கிறது என்றால், அதோடு பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது, காலையில் வாய் காய்ந்து கிடப்பது, எத்தனை மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லாதது, ரத்த அழுத்தம் கூடியிருப்பது, இதில் ஒன்றிரண்டும் இருக்கிறது என்றால், கார்டுக்கு அளவு கொடுப்பதற்கு முன்னால் தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் பிரச்சினைக்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். பல் கடிக்கிறவர்களில் சிலருக்கு இது கூடவே இருக்கும், பல வருடம் யாரும் கவனிக்காமலும் இருக்கும்.

பல் மருத்துவர் எதற்கு மூச்சைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். 2004-ல் கனடாவில் ஒரு ஆய்வு நடந்தது. ஸ்லீப் ஆப்னியா உள்ள 10 பேருக்கு மேல் பல்லில் மாட்டும் சாதாரண நைட் கார்டைக் கொடுத்துத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். அதில் 5 பேருக்கு மூச்சுத் தடங்கல் 50 சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது. பத்தே பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், இருந்தாலும் அதைப் படித்ததிலிருந்து குறட்டையைப் பற்றிக் கேட்காமல் நான் யாருக்கும் கார்டு செய்து கொடுப்பதில்லை. ஆப்னியா இருப்பது உறுதியானால் உங்களுக்கு வேண்டியது வேறு மாதிரி சாதனமாகக்கூட இருக்கலாம். கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் பிடித்து மூச்சுக் குழாய்க்கு வழிவிடும் ஒரு வகை இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்கிறவர்களில் சிலருக்குப் பல் கடிப்பதும் சேர்ந்தே குறைகிறது. அதையும் பல் மருத்துவர்தான் அளவெடுத்துச் செய்வார், ஆனால் தூக்க மருத்துவரின் அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் செய்வார்.

குறட்டை சாதாரணக் குறட்டைதான் என்றால், சரி, கார்டுக்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கார்டு வாங்குகிற பெரும்பாலானோர் இதை யாரும் சொல்லாமலே வாங்குகிறார்கள். எந்த கார்டும் நீங்கள் பல் கடிப்பதை நிறுத்தாது. கடி கிளம்புவது பல்லிலிருந்து அல்ல, மூளையிலிருந்து. ஆழமில்லாத தூக்கத்தில் இருக்கும்போது மூளை சில நொடிகளுக்கு அரைகுறையாக விழித்துக்கொள்கிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, அதைத் தொடர்ந்து தாடைத் தசைகள் இறுகுகின்றன. இந்த வரிசையில் கார்டுக்கு இடமே இல்லை. கடைசியில் பல்லும் பல்லும் மோதும் அந்த இடத்தில்தான் அது நடுவில் நிற்கிறது, அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது, விசையை ஒரே பல்லில் விழவிடாமல் எல்லாப் பற்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2007 தொகுப்பாய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: பல் கடிப்பதை கார்டு குணப்படுத்துகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை, பல் தேய்வதைத் தடுப்பதில் பலன் இருக்கலாம்.

என்னிடம் வந்த ஒருவர், ஒரு வருடம் கார்டு போட்ட பிறகு, "டாக்டர், இது வேலையே செய்யவில்லை, இன்னும் கடிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்று கோபமாகவே வந்தார். அவருடைய கார்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். வலது பக்கக் கடைவாயில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளம் அவருடைய எனாமலில் விழுந்திருக்க வேண்டியது. எனாமல் ஒருமுறை போனால் உடம்பு அதைத் திரும்ப உண்டாக்காது, கார்டு தேய்ந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம். கார்டு வேலை செய்கிறதா என்று நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: எது தேய்கிறது, பல்லா, பிளாஸ்டிக்கா?

இப்போது உங்கள் மூன்று வாரக் கார்டு. அது ஓட்டையானதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, நீங்கள் கடிக்கிற கடிக்கு அந்தப் பொருள் பொருந்தாது, அவ்வளவுதான். பகலில் வேண்டுமென்றே முழு பலத்தோடு கடித்தால் எவ்வளவு விசை வருமோ அதையும் தாண்டி இரவில் கடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விழித்திருக்கும்போது வலிக்கும் என்ற பயம் நம்மைத் தடுக்கும், தூக்கத்தில் அந்தத் தடை இல்லை.

வலி கூடியதுபோல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கற்பனை என்று நான் நினைக்கவில்லை. இரண்டு காரணம் சொல்கிறேன். முதலாவது, பற்களுக்கு நடுவே ரப்பர் போல நெகிழ்கிற ஒன்று இருந்தால் சிலருக்குத் தசை அதை மென்று பார்க்கிறது. தாடை வலிச் சிகிச்சையில் பெயர் பெற்ற ஜெஃப்ரி ஒகேசன் 1987-ல் 10 பேருக்குக் கெட்டியான கார்டையும் மென்மையான கார்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, இரவில் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார். கெட்டியானதில் 8 பேருக்குத் தசை வேலை குறைந்தது. மென்மையானதில் ஒரே ஒருவருக்குத்தான் குறைந்தது, 5 பேருக்குக் கூடியது. இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. தாடை ஒரு கத்தரிக்கோல் மாதிரி, கீல் பின்னால், காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுக்கும் நடுவில் ஒரே கனமுள்ள அட்டையை வைத்து மூடிப் பாருங்கள், கீலுக்குப் பக்கத்தில்தான் முதலில் இடிக்கும், முனைப் பக்கம் திறந்தே இருக்கும். கடையில் வாங்கும் மென்மையான கார்டு முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய ஒரே கனம். அதனால் கடைசிக் கடைவாய்ப் பற்கள் இரண்டு மட்டும் முதலில் முட்டுகின்றன, இரவு முழுக்கப் பாரத்தை அவையே தாங்குகின்றன, தாடை சமமாக உட்கார இடம் தேடிக்கொண்டே இருக்கிறது. கெட்டியான கார்டு என்றால் மருத்துவர் அதைத் தேய்த்து, எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் தொடுகிற மாதிரி சரிசெய்ய முடியும். மென்மையானதைத் தேய்த்தால் பிசிறு பிசிறாக வரும், ஒழுங்காகத் தேய்க்கவே முடியாது.

அதனால் உங்களுக்கு என் பதில்: கெட்டியான அக்ரிலிக் கார்டு, ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடுவது, உங்கள் பல்லுக்கென்று அச்செடுத்தோ ஸ்கேன் செய்தோ செய்தது. உங்கள் மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கெட்டியானது வாயில் கல் மாதிரி இருக்குமே என்று பயமாக இருந்தால், உள்பக்கம் மென்மையாகவும் கடிக்கிற பக்கம் கெட்டியாகவும் இரண்டு அடுக்கில் செய்வது உண்டு. பல்லில் மாட்டும்போது இதமாக இருக்கும், மேலே தேய்த்துச் சரிசெய்யவும் முடியும். நாளாக ஆக இரண்டு அடுக்கும் பிரிந்துவரக்கூடும் என்பது அதன் குறை. ஃபில்லிங்கையே உடைக்கிற அளவுக்குக் கடிக்கிற உங்களுக்கு நான் முழுக் கெட்டியையே சொல்வேன், அது முடியவே முடியவில்லை என்றால்தான் இரண்டு அடுக்கு.

மென்மையான கார்டு எதற்குமே உதவாது என்று சொல்ல வரவில்லை. லேசாகக் கடிக்கிறவர்களுக்கு, பரீட்சை மாதிரி ஏதோ ஒரு நெருக்கடியில் சில வாரங்கள் மட்டும் கடிக்கிறவர்களுக்கு, கெட்டியானது தயாராகும்வரை இடைக்காலத்துக்கு, அது போதும். அதைப் போட்டு வலி கூடினால் கழற்றி வைத்துவிட வேண்டும், பழகிவிடும் என்று தொடரக் கூடாது.

மேல் பல்லுக்கா, கீழ்ப் பல்லுக்கா என்று கேட்டிருந்தீர்கள். இணையத்தில் இதற்குப் பெரிய சண்டையே நடக்கிறது, உண்மையில் இரண்டும் நன்றாக வேலை செய்யும். மேலே போட்டால் உறுதியாக உட்காரும், தாடையை முன்னே பின்னே அசைக்கும்போது பின்பற்கள் விலகுகிற மாதிரி வடிவம் கொடுப்பதும் எளிது. கீழே போட்டால் வாயில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு குறைவு, குமட்டல் உள்ளவர்களுக்கு நல்லது, நாக்குக்கும் இடம் கிடைக்கும். எந்தத் தாடையில் பல் விழுந்து இடைவெளி இருக்கிறதோ அந்தத் தாடையில் போட்டால் எதிர்ப் பக்கப் பல்லுக்கு முட்ட ஒரு தளம் கிடைக்கும். உங்களுக்குக் குமட்டலோ இடைவெளியோ இருப்பதாக எழுதவில்லை, ஆகவே அதை உங்கள் மருத்துவர் கைப்பழக்கத்துக்கே விட்டுவிடலாம். அவர் எதை நன்றாகச் சரிசெய்வாரோ அதுதான் உங்களுக்கு நல்லது.

ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். முன்பற்களை மட்டும் மூடுகிற குட்டிக் கார்டுகள் இருக்கின்றன. சின்னதாக, அழகாக, போட எளிதாக இருக்கும், பின்பற்கள் முட்டாததால் தசையும் அவ்வளவு பலமாக இறுகாது, அதனால் சிலருக்குத் தலைவலிகூட சட்டென்று குறையும். ஆனால் மூடாமல் விட்ட பற்கள் மாதக்கணக்கில் எதிரே எதுவும் முட்டாமல் இருந்தால் மெல்ல மெல்ல மேலெழும். மூடியிருக்கும் முன்பற்கள் உள்ளே அழுந்தும். ஒருநாள் காலையில் கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பின்பற்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும் பாடு. அளவில் சின்னது என்பதால் தூக்கத்தில் கழன்றால் விழுங்கிவிடும் அபாயமும் உண்டு. ஒரு மருத்துவரின் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு என்றால் சரி. நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போடுகிற பொருள் அது இல்லை. விளையாட்டு வீரர்கள் போடும் மவுத் கார்டும் இதற்கு வேண்டாம், அது வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்கச் செய்தது.

இணையத்தில் அச்சுப் பெட்டி அனுப்பி, நீங்களே வீட்டில் அச்செடுத்துத் திருப்பி அனுப்பினால் கெட்டியான கார்டு செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கண்ணில் படப்போவது அதுதான் என்பதால் சொல்கிறேன். பொருள் ஒன்றாகவே இருக்கலாம், பல்லில் இறுக்கமாகப் பொருந்தவும் செய்யலாம். பொருந்துவது பாதி வேலைதான். எதிர்ப் பற்கள் அதன்மேல் எப்படி உட்காருகின்றன என்பது மீதிப் பாதி, அதை உங்கள் வாயைத் திறந்து பார்க்காத யாராலும் சரிசெய்ய முடியாது. மருத்துவரிடம் போகும்போது நீங்கள் பெறுவது பிளாஸ்டிக்கை மட்டும் அல்ல, அந்தச் சரிசெய்தலையும்தான்.

கார்டைப் பொருத்தும் நாளில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறேன், இதை வைத்தே வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மாட்டும்போது லேசான இறுக்கம் இருக்கலாம், ஏதாவது ஒரு பல்லில் மட்டும் வலிக்கிற அழுத்தம் இருக்கக் கூடாது, நாக்கால் தள்ளினால் கழன்று வரவும் கூடாது. பிறகு மருத்துவர் நிறத்தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார், கார்டின்மேல் நீலமோ சிவப்போ புள்ளிகள் விழும். முதல் தடவையில் புள்ளிகள் ஒரு பக்கம் அழுத்தமாகவும் ஒரு பக்கம் இல்லாமலும்தான் இருக்கும். அழுத்தமாக இருக்கும் இடத்தைத் தேய்ப்பார், மறுபடி கடிக்கச் சொல்வார், மறுபடி தேய்ப்பார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் புள்ளிகள் வரும்வரை இது நடக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பல்லைத் தட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் முதலில் இடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும், தெரிந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நிறத்தாளே வைக்காமல், மாட்டிப் பார்த்துவிட்டு "பொருந்துகிறது, போய்வாருங்கள்" என்று அனுப்பினால் அந்த வேலை முடியவில்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தடவை திரும்பப் போய்க் காட்ட வேண்டும், ஏனென்றால் இறுகியிருந்த தசை தளர்ந்ததும் தாடை உட்காரும் இடம் கொஞ்சம் மாறும், முதல் நாள் சரியாக இருந்த புள்ளிகள் அப்போது மாறியிருக்கும். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

முதல் சில இரவுகள் எச்சில் அதிகம் ஊறும், நடுராத்திரியில் உங்களுக்கே தெரியாமல் கழற்றி எறிந்திருப்பீர்கள். இது எல்லோருக்கும் நடக்கிறது. தூங்கப் போவதற்கு அரை மணி முன்பே மாட்டிக்கொண்டு ஏதாவது படித்துக்கொண்டோ கேட்டுக்கொண்டோ இருந்தால் வாய் சீக்கிரம் பழகும், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரம் போதும். காலையில் கழற்றியதும் பல் சேர்வது ஒரு மாதிரி புதிதாகத் தோன்றும், சில நிமிடத்தில் சரியாகிவிட வேண்டும். மதியம்வரை சரியாகவில்லை என்றால், அல்லது முன்பு தொட்ட பற்கள் இப்போது தொடவில்லை என்றால், கார்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த உடைந்த ஃபில்லிங்கை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள், கார்டுக்கு அச்சு அதற்கப்புறம்தான். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். கார்டு பல்லின் வடிவத்துக்குத் துல்லியமாகச் செய்யப்படுவது, பிறகு அந்தப் பல்லுக்குக் கேப் போட்டால் வடிவம் மாறிவிடும், கார்டு உட்காராது. உடைந்த இடத்தில் பல்லில் விரிசல் ஏதும் ஓடியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கும்போது அல்ல, கடியை விடும்போது சுரீரென்று குத்தினால் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு வெறும் ஃபில்லிங் போதாது. ஈறு பலவீனமாகி ஏதாவது பல் ஆடுகிறது என்றால் அதற்கான சிகிச்சையும் முன்னால் முடிய வேண்டும்.

மாத்திரை விஷயம். செரட்ரலின், ஃப்ளூவாக்ஸடின், பராக்ஸடின், எஸ்ஸிட்டலோபிராம், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பதைத் தொடங்கிவைக்கும், ஏற்கெனவே இருந்தால் கூட்டும். உங்களுக்குக் கடி இரண்டு வருடமாக இருக்கிறது, மாத்திரை எட்டு மாதமாகத்தான், ஆகவே மாத்திரைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்பு எப்படி இருந்தது, மாத்திரை தொடங்கியதும் அல்லது அளவைக் கூட்டியதும் வலி கூடியதா என்று நினைத்துப் பாருங்கள். அப்படியென்றால் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாறுவது, கூட ஒன்று சேர்ப்பது என்று அவருக்கு வழிகள் உண்டு. தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தேய்ந்த பல்லுக்கு என்னால் ஏதாவது செய்ய முடியும். திடீரென்று மருந்தை நிறுத்தி மனம் உடைந்துபோனால் அது அதைவிடப் பெரிய கஷ்டம், உங்களுக்கு அது வர வேண்டாம்.

மாலைக்கு மேல் குடிக்கும் காபி, தேநீர், படுப்பதற்கு முன் மது, புகை, இவை எல்லாமே இரவுக் கடியைக் கூட்டுகின்றன. நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் கவனியுங்கள், வயிற்று அமிலம் மேலே வந்து எனாமலை இளக்கிவிட்டால் அதே கடிக்குப் பல் இன்னும் வேகமாகத் தேயலாம்.

பகலில் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, நீங்களும் எழுதவில்லை. கணினி முன் உட்கார்ந்திருக்கும்போது, வண்டி ஓட்டும்போது, யாரிடமோ கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும்போது உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன? "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்" என்று நாம் சும்மா சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் பொறுத்துக்கொள்கிறோம். மெல்லவும் விழுங்கவும் பற்கள் சேர்கிற நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட வராது. மற்ற நேரம் முழுக்க உதடு மூடியிருக்க வேண்டும், பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதை நிறையப் பேர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள், வாயை மூடினால் பல் சேர்ந்திருப்பதுதான் இயல்பு என்று. பழகிக்கொள்ள எளிதான வழி ஒன்று: றன்னகர "ன" சொல்லிப் பாருங்கள். தந்நகர "ந" அல்ல, அதில் நாக்கு பல்லைத் தொடும். "ன" சொல்லும்போது நாக்கின் நுனி மேல் பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் போய் உட்காருகிறது, பற்கள் தானாக விலகுகின்றன. சத்தம் வராமல் நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு தாடையைத் தொங்கவிடுங்கள். கணினித் திரையின் ஓரத்தில், கைபேசியின் பின்னால், கண்ணாடியில் என்று ஐந்தாறு இடத்தில் சின்ன நிறப் பொட்டு ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள். காலைத் தலைவலி என்று வருகிறவர்களில் பலருக்கு பகல் கடியே பாதிப் பங்கு என்பது என் அனுபவம், அதற்கு எந்த கார்டும் தேவையில்லை. இரவில் படுக்கும் முன் நனைத்த சூடான துணியைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் தசை தளரும்.

வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கடி வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, சில மாதம் கூடும், சில மாதம் காணாமலே போகும், வயது ஏற ஏறப் பொதுவாகக் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டில் புதுத் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்து, வலியும் இல்லை, தேய்மானமும் இல்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்க்கலாம். ஃபில்லிங்கோ கேப்போ நிறைய இருக்கிறவர்கள், இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்தவர்கள் தொடர்ந்து போடுவது நல்லது. ஒரு கெட்டியான கார்டு சில வருடம் உழைக்கும், கடிக்கிற வேகத்தைப் பொறுத்து. காலையில் கழற்றியதும் மென்மையான பிரஷ்ஷில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பைத் தொட்டுச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஈரம் காய்ந்ததும் காற்றுத் துளை உள்ள டப்பாவில் போடுங்கள். பற்பசை வேண்டாம், கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும்.

பல் வரிசை கோணலாக இருப்பதால்தான் கடிக்கிறீர்கள், நல்ல பற்களைத் தேய்த்துச் சமன்செய்தால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு காலத்தில் அப்படி நம்பினார்கள், இப்போது அதற்கு ஆதாரம் இல்லை, தேய்த்த பல் திரும்ப வராது. கன்னத் தசையில் போடும் போடாக்ஸ் ஊசி வேறு விஷயம், அது கடியின் பலத்தைச் சில மாதம் குறைக்கும், கடிப்பதை நிறுத்தாது. கார்டு, பழக்கம், தூக்கம் எல்லாம் சரிசெய்தும் வலி தாங்க முடியவில்லை என்றால் யோசிக்கலாம், உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. வாய் மூன்று விரல் அகலம்கூடத் திறக்கவில்லை, அல்லது திறந்தவாய் மூடாமல் பூட்டிக்கொள்கிறது, அல்லது காதுக்கு முன்னால் மூட்டிலேயே வலி என்றால் கார்டுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள்.

அப்புறம், அந்த ஓட்டையான பழைய கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டு, மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பல்லுக்கு நேராகத் துளை விழுந்திருக்கிறது, இரண்டும் ஒரே பக்கமா, உடைந்த ஃபில்லிங்குக்கு எதிரே ஒன்று இருக்கிறதா என்று அவர் பார்த்தாரானால், நீங்கள் எங்கே, எந்தத் திசையில் கடிக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், புது கார்டில் எந்த இடத்துக்குக் கூடுதல் கனம் வைக்க வேண்டும் என்பதும்.